கண்ணுக்குள் பூசாத மஞ்சள்

செங்கமாரி என்ற மஞ்சள் காமாலை வந்து மாறியவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கண் மஞ்சளானது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், இளநீர் குடித்தோம், மாறிவிட்டது என்பார்கள். என் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. எனக்கு வந்தது ஒரு நோய், ஒரு வருத்தம் என்பதே எனக்குத் தெரியாது. நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன், பெரிய பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து வவுனியாவில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிய காணியில் இரண்டு குடிசைகள் போட்டிருந்தோம். ஒன்றில் அம்மாவும் நானும். மற்றதில் அம்மாவின் தம்பி முத்து மாமாவும் அத்தையும். அப்பா தோட்டத்தில் இருந்த காலத்திலேயே இறந்துவிட்டதால் மாமா வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். நல்ல மனிதர். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறாது.

எனக்குப் படிப்பு சுமார், ஓட்டம் நன்றாக வரும். அந்த வருடம் வட்டாரப் போட்டியில் நூறு மீற்றரில் முதலாவதாக வந்தேன். அஞ்சலோட்டத்திலும் எங்கள் பள்ளிக்கூடம்தான் முதல். மூன்றாவது ஆளாக ஓடிவரும் ரிஸானா என் கையில் தடியைத் தர, கடைசி ஓட்டம் என்னுடையது. ரிஸானா டவுணில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், என் வகுப்பு. தடி மாற்றும்போது "இந்தா!" என்று அவள் கத்துவது மைதானத்துக்கு வெளியேயும் கேட்கும். அன்று மாமா கயிற்றுக்குப் பின்னால் நின்று இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தார். "எங்கக்கா மக" என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாவட்டப் போட்டிக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன.

அந்தக் கிழமைகளில்தான் எல்லாம் குழம்பியது. முதலில் பயிற்சியில் கால் கனத்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. லேசாகக் காய்ச்சலும் அடித்தது. வவுனியாவில் காய்ச்சல் என்றால் மலேரியா என்று ஆளுக்கொரு குளிசை போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நானும் போட்டேன். ஒரு பின்னேரம் ரிஸானா தந்த தடியை வாங்கி ஓடத் தொடங்கியவள் பாதியில் நடந்தேன். "என்னடி, மாடு மேய்க்கப் போறியா?" என்று அவள் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாவாடையில் இரத்தம்.

அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அத்தையைக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களிடையே தாய்மாமன்தான் குச்சு கட்ட வேண்டும். அடுத்த நாளே மாமா பச்சைக் குழை வெட்டி வந்து, தென்னோலைக் கிடுகு வைத்து மறைத்து, வீட்டுக்கு வெளியே ஒரு சிறு குடில் கட்டினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் நான் அதற்குள் இருக்க வேண்டும். ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது. தலையைக் குனிந்துதான் இருக்க வேண்டும். என் தட்டு வேறு, பாய் வேறு.

குச்சுக்கு வெளியே நின்று, என்னைப் பார்க்காமலே மாமா தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே ஓட்டம் கீட்டம் எல்லாம் கெடையாது. கொமரிப்புள்ள காலத் தூக்கிக்கிட்டு ஓடுறத ஊரு பாக்கவா?"

விசிலடித்த அதே வாய்தான். எனக்கு விளங்கவேயில்லை. போன மாதம் ஓடியதும் இதே கால்கள்தானே? அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் உளுந்து இடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுந்ததும் அம்மா கையால் பச்சை முட்டை. அதன் பின்னால் முட்டைக் கோதில் அளந்து நல்லெண்ணெய். பிறகு உளுத்தங்களி. இடுப்புக்கு வலுவாம். எனக்கோ எண்ணெய் வாசம் வந்தாலே குடல் வாய்க்கு வந்தது. வாந்தி எடுத்தால் அத்தை, "மொதல்ல அப்புடித்தான் இருக்கும், பழகிரும்" என்று இன்னொரு கோது எண்ணெய் ஊற்றினாள். பொழுது சாயும் நேரம் பச்சை மஞ்சளை அரைத்து முகம், கழுத்து, கை, கால் எல்லாம் பூசுவாள். உடம்பு அரித்தது. மஞ்சள் காய்ந்தால் அரிக்கத்தான் செய்யும் என்றாள். சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போலப் போனது. நான் அதை மாதவிலக்கின் இரத்தம் என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது? இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தேன்.

நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. அதுதான் கொடுமை. களைப்பா, வயதுக்கு வந்ததால். குமட்டலா, எண்ணெயால். அரிப்பா, மஞ்சளால். கிடுகு இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குடத்தை இடுப்பில் வைத்துக் கிணற்றிலிருந்து வருவாள், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுவாள், விறகு பிளப்பாள். இவ்வளவு களைப்பையும் குமட்டலையும் உள்ளே வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் எப்படி ஒன்றும் இல்லாதது போல நடமாடுகிறார்கள் என்று வியந்தேன். எனக்கு அந்தத் திறமை வராது என்று பயந்தேன். மாமா தடுத்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த உடம்போடு இனி யார் விட்டாலும் நான் ஓடப் போவதில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

ரிஸானாவுக்கு எங்கள் குச்சு முறை எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு நான் வராத காரணத்தைக் கேட்க ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளில் வந்தாள். "பாக்கக் கூடாது புள்ள, தண்ணி ஊத்துனப்பறம் வா" என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள் கிடுகை விலக்கி உள்ளே தலையை நீட்டிவிட்டாள். வெயில் என் முகத்தில் விழுந்தது. ஆள் யாரென்று பார்க்க நிமிர்ந்தேன். குச்சுக்குள் போன பிறகு ஒருவர் என் முகத்தை வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"அல்லாவே! என்னடி இப்பிடி மஞ்சளா இருக்கிறாய்?"

"மஞ்சக் கெழங்கு பூசிருக்குல்ல" என்றாள் அத்தை, பின்னாலிருந்து.

"அதுசரி. கண்ணுக்குள்ளயுமா பூசினீங்க?"

அம்மா கையிலிருந்த உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, வெயிலில் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தானே எண்ணெய ஊத்திக் குடுத்தேன், நாந்தானே ஊத்திக் குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செங்கமாரிக்கு எண்ணெய் ஆகாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சத்தம் கேட்டு வந்த மாமா ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர் ஊற்றாத பிள்ளையைத் தீட்டோடு எப்படி வீதியில் கூட்டிப் போவது? முதலில் தண்ணீர் ஊற்றுவோம், அதற்கு நாள் பார்ப்போம் என்றார். அம்மா எழுந்து நின்றாள். "நாள் நீ பாரு. நான் புள்ளையப் பாக்குறேன்" என்றாள். அம்மா மாமாவை எதிர்த்துப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா சைக்கிளை எடுத்தார். காத்துக் கருப்பு அண்டாமல் என் கையில் ஒரு வேப்பங்கொத்தும் இரும்புக்காக ஒரு பழைய கத்தியும் தந்து, பின் கரியரில் உட்கார வைத்தார். முகத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவேயில்லை. அம்மா பின்னால் ரிஸானாவின் சைக்கிளில் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வாங்கில் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருந்தோம். கத்தியும் வேப்பிலையுமாக இருந்த என்னைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது. டொக்டர் யாழ்ப்பாணத்தவர், இளம் வயது. என் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார், விரலால் தேய்த்துத் தன் விரலைப் பார்த்தார். பிறகு தாதியிடம் திரும்பினார்.

"மிஸி, இந்தப் பிள்ளையை முதலிலை சோப் போட்டுக் குளிப்பாட்டுங்கோ. எது அரைச்சது, எது ஈரலாலை வந்தது எண்டு எனக்குத் தெரியேல்லை."

நோயாளர் வாட்டின் பின்னால் இருந்த தொட்டியடியில் ஒரு பணிப்பெண் என்னைக் குளிப்பாட்டினார். மஞ்சள் தண்ணீர் காலடியில் ஓடி வாய்க்காலுக்குள் போனது. மறுபடி சோப், மறுபடி தண்ணீர். கடைசியில் தண்ணீர் தெளிவாகப் போனது. என் தோல் மஞ்சளாகவே இருந்தது.

வெளியே நின்ற மாமாவுக்கு விசயம் தெரிந்ததும் முகம் இருண்டுவிட்டது. வயதுக்கு வந்த பிள்ளையின் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுவது தாய்மாமன் வீட்டு உரிமை. அதை ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தி சவர்க்காரத்தோடு முடித்துவிட்டாள். "அத்த கையால ஊத்த வேண்டிய தண்ணி" என்று அவர் முணுமுணுத்தது சன்னலுக்குள்ளால் கேட்டது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

என்னைப் பெண்கள் வாட்டில் சேர்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், கையில் சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் காலை டொக்டர் கட்டிலடிக்கு வந்து சொன்னார்.

"இது ஈரலிலை வந்த வீக்கம் பிள்ளை. பழைய இரத்தம் உடைஞ்சு ஒரு மஞ்சள் சாமான் வரும். அதை ஈரல்தான் வடிச்சு வெளியிலை விடவேணும். ஈரல் வீங்கினதாலை அது உள்ளுக்கை நிக்குது. அதுதான் கண்ணிலையும் தோலிலையும் தெரியுது, சலத்திலையும் போகுது. கிணத்துத் தண்ணியாலை வந்திருக்கும். கொதிக்க வைச்சுக் குடிக்கிறனீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு, இத்தனை நாளும் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன். "அப்ப இந்தக் களைப்பு? வயித்தப் பெரட்டுறது?"

"எல்லாம் இதாலைதான்."

"வயசுக்கு வந்ததால இல்லையா?"

அவர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் மலேரியாவோடு படுத்திருந்த ஓமந்தைப் பரமேஸ் அக்கா போர்வைக்குள்ளிருந்து களுக்கென்று சிரித்தார். "எடி பிள்ளை, அப்பிடியெண்டால் உலகத்திலை பொம்பிளையள் எல்லாரும் கட்டிலிலையெல்லோ கிடக்க வேணும்!"

"இது மாறுமா?" என்று கேட்டேன்.

"மாறாமல்? கொஞ்ச நாள் செல்லும். ஆனால் முழுசா மாறும்" என்றார் டொக்டர்.

ஒரு பெரிய வருத்தம் வந்திருக்கிறது என்று கேட்டுச் சந்தோசப்பட்டவள் அந்த வாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வருத்தம் என்றால் மாறும். பெரிய பிள்ளையானது மாறாது. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் என்ற பயம் எங்களுக்கு இருக்கவில்லை. அம்மாவின் பயம் எண்ணெயில் இருந்தது. டொக்டர் வரும்போதெல்லாம், "எண்ணெயாலதானே சார்?" என்று கேட்பாள். எண்ணெயால் வரவில்லை அம்மா, கிருமியால் வந்தது என்று அவரும் சலிக்காமல் சொல்வார். அடுத்த நாள் மறுபடி கேட்பாள். மாமாவின் கேள்வி வேறு. வாட்டுக் கதவடியில் நின்று, "வெயில்ல ஓடுனதால சூடு புடிச்சு ஈரல் வீங்கியிருக்கும், இல்லையாங்க?" என்று மிஸியிடம் கேட்டார். மிஸிக்கு நேரமில்லை, பதில் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பதிலின்மையை மாமா ஆமென்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் ஓட்டத்தால் வந்த வருத்தம் என்று சொல்லியும்விட்டார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கீழ்காய்நெல்லி பிடுங்கி, அரைத்து, போத்தலில் அடைத்துக்கொண்டு வந்து தந்தவரும் அவர்தான். மிஸிமாருக்குத் தெரியாமல் பரமேஸ் அக்கா அதைத் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைப்பார்.

ஈரல் சுகமாகி நான் எழும்பினாலும் ஓட்டம் முடிந்தது என்றுதான் எல்லோருடைய பேச்சும் சொன்னது. நல்ல ஈரல் வரும், ஆனால் ஓட விட மாட்டார்கள். அப்படியென்றால் எதற்காக இவ்வளவு இளநீரைக் குடிக்கிறேன் என்று கூட யோசித்தேன்.

மாவட்டப் போட்டி நடந்த நாள் நான் சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் ரிஸானா வந்தாள். தொற்று வருத்தம், தள்ளி நில் என்று மிஸி சொல்லியும் என் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஐஞ்சாவது" என்றாள்.

"எத்தின டீம் ஓடுச்சு?"

"ஐஞ்சு." பிறகு அவளே, "உனக்குப் பதிலா நிண்டவள் நான் கத்தினதுல பயந்து தடிய விட்டிட்டாள். நீயெண்டா பழகிப் போச்சு" என்றாள். சிரித்தோம். சிரித்தபடியே நான் அழுதேன். அவளும் அழுதாள்.

அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். அன்று ரிஸானா போன பிறகு என் தலையைக் கோதிக்கொண்டே, "ஓடுறப்ப எப்புடி புள்ள இருக்கும்?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணுமே நெனக்க மாட்டேம்மா. காத்து மட்டுந்தான்" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. இளநீரின் கண்ணை வெட்டத் தொடங்கினாள்.

கண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. பசி வந்தது. பரமேஸ் அக்காவின் சோற்றை நான் பார்த்த பார்வையில் அவரே பாதியைத் தந்தார். ஒருநாள் காலை துண்டு வெட்டியாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டொக்டர் அம்மாவையும் என்னையும் மேசையடிக்குக் கூப்பிட்டார். மாமா வெளியே சைக்கிளோடு நின்றார்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. கொழுப்புச் சாப்பாடு கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மூண்டு மாசம் ஓய்வு. அதுக்குப் பிறகு விளையாட்டு, ஓட்டம் எதுக்கும் போகலாம், ஒரு தடையும் இல்லை."

இதைத்தான் அவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவும் கேட்டாள், தலையை ஆட்டினாள், கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் மாமா, "என்னாக்கா சொன்னாரு?" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு மாசம் படுக்கையில இருக்கணுமாம். அதுக்கப்பறம் தெனம் காலையில ஓட வைக்கணுமாம்டா. ஓடலேன்னா ஈரல் திரும்பவும் வீங்கிருமாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓட வைக்கணுமா? டாக்டரா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்? எனக்கென்ன தெரியும் அதெல்லாம்."

மாமா நெடுநேரம் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். படித்த மனிதர் சொன்னதை மறுக்க அவருக்கு வராது. கடைசியில், "கொமரிப்புள்ள… சரி, மருந்துன்னா என்னா செய்யிறது" என்று ஏறி உட்கார்ந்தார்.

அம்மா பொய் சொன்னாளா, அல்லது அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. எண்ணெயால் வரவில்லை என்று அத்தனை தரம் சொல்லியும் விளங்காதவள்தானே? பிறகு பல தடவை கேட்டுப் பார்த்தேன். "எனக்கு அப்புடித்தான் காதுல விழுந்துச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

மூன்று மாதம் கழிந்ததும் விடியும் நேரத்தில் குடிசைத் தட்டியைத் தட்டியவர் மாமாதான். "மருந்துக்கு நேரமாச்சு, எந்திரி." நான் குளக்கட்டில் ஓட, அவர் பக்கத்தில் சைக்கிளில் வந்தார். முதல் நாள் மூச்சு வாங்கிப் பாதியில் நின்றேன். "போதுமா? அளவு சரியா இருக்குமா?" என்று கவலையோடு கேட்டார். மழையென்று நான் படுத்திருந்த நாட்களிலும் விடவில்லை.

அடுத்த வருடம் மாவட்டப் போட்டிக்கு அவரே எங்களைக் கூட்டிப் போனார். கயிற்றுக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "பெரிய புள்ளயப் போயி ஓட விட்டிருக்கீங்களே" என்று இழுத்தார். "டாக்டர் கட்டளைங்க. ஓடலேன்னா ஈரல் வீங்கிரும்" என்று மாமா சொல்லிவிட்டு, இரண்டு விரலையும் வாய்க்குள் விட்டார். ரிஸானா "இந்தா!" என்று கத்திய சத்தமும் அந்த விசிலும் ஒன்றாகக் கேட்டன. எங்கள் அணி இரண்டாவதாக வந்தது.

மூச்சிரைத்தபடி நான் கயிற்றடிக்கு வந்தபோது அம்மா கிட்ட வந்தாள். என் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு. அடுத்த ஓட்டம் எப்ப?" என்றாள்.